பஸ் போகட்டும்

"அழுவாத. ஏட்டி, சொல்லுதேன்லா, சத்தம் காட்டாத. பஸ் போவட்டும்."

செண்பகராஜ் மனைவியின் வாயைப் பொத்தியிருந்தான். முரட்டுத்தனமாக அல்ல. கட்டிலில் அவன் மாமியார் வள்ளித்தாய் பாதிக் கண் திறந்தபடி செத்துக் கிடந்தாள். சந்தனமாரி, பெற்றவளின் காலைப் பிடித்துக்கொண்டு, புருஷனின் உள்ளங்கைக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். மணி நாலரை.

ஐந்து மணிக்குக் குருவம்மாள்புரம் முக்கில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து நிற்கும். பெண்களும் பிள்ளைகளுமாக அறுபது பேர் ஏறுவார்கள். கோவில்பட்டிக்குப் போய்த் தீக்குச்சி அடுக்கி, பெட்டி ஒட்டி, இருட்டிய பிறகு திரும்புவார்கள். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் பஸ் என்பதுதான் அந்தக் கரிசல் ஊரின் வெள்ளாமை. தொண்ணூற்றேழோடு சேர்த்து மூன்று வருஷமாகப் பஸ்தான் விளைந்துகொண்டிருந்தது.

ஊருக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. தெருவில் துட்டி விழுந்து அழுகைச் சத்தம் காதில் பட்டுவிட்டால், பிணத்தை எடுக்கிறவரை யாரும் ஊரைவிட்டுப் போகக் கூடாது. போனவர் வீட்டுத் துட்டிக்கு ஆள் வராது. போன ஐப்பசியில் காய்ச்சல் கண்டு ஒரே வாரத்தில் மூன்று பேர் போனார்கள். மூன்று நாளும் பஸ் காலியாகத் திரும்பியது. நான்காம் நாள் பஸ் வரவில்லை. பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. ஒரு மாதம் கஞ்சிக்குத் திண்டாடி, ஆள் சேர்த்து அனுப்பும் ஏஜெண்ட் லிங்கராஜின் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். லிங்கராஜும் அந்த ஊர்க்காரன்தான்.

அழக் கூடாது என்று லிங்கராஜ் யாரிடமும் சொன்னதில்லை. முதலாளி பூவனநாதனும் சொன்னதில்லை. அவர் நல்ல மனுஷர். ஆபீஸ் சுவரில் 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்' என்று பச்சைப் பெயிண்டில் எழுதி வைத்தவர். ஊரே கூடி, ஊரே யோசித்து, ஊரே கண்டுபிடித்த வழி அது. காதில் விழாத சாவு கணக்கில் சேராது. ஆகவே விடியுமுன் செத்தால் பஸ் போன பிறகு அழ வேண்டியது. வழக்கமும் கெடாது, வேலையும் கெடாது. ஏட்டிக்குப் போட்டி பேசும் ஊரில் ஒருத்தர்கூட இதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

கதவு லேசாகத் திறந்தது. மகள் இசக்கிசெல்வியைப் பஸ்ஸுக்குக் கூட்டிப்போக வந்த பக்கத்து வீட்டு ராதாமணி, கட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் புருஷன் இடி விழுந்து செத்த அன்று, ஒரு ராத்திரியும் ஒரு பகலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவள் வள்ளித்தாய். ஊரில் எந்த வீட்டில் துட்டி விழுந்தாலும் முதலில் ஓடுகிற கால் அவளுடையது. ஒப்பாரியை எடுத்துக் கொடுக்கிற குரலும் அவளுடையதுதான். ராதாமணியின் வாய் கோணியது. முந்தானையை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

பிறகு முந்தானையை எடுத்துவிட்டுக் குசுகுசுவென்று சொன்னாள். "மதினி, இன்னிக்கு லோடு ஏத்துத நாளு. பஸ்சு காலியாத் திரும்புனா மறுபடி பக்கத்தூருக்குப் போயிரும். செத்த பொறுத்துக்கிடு தாயி. சாயந்தரம் வந்து நான் மாரடிக்கேன்."

சந்தனமாரி தலையை ஆட்டினாள்.

பன்னிரண்டு வயது இசக்கிசெல்வி தூக்குவாளியோடு அடுப்படியிலிருந்து வந்தாள். தாயைப் பார்த்துக்கொள்ளச் சந்தனமாரி ஒரு வாரமாகவே பஸ் ஏறவில்லை, ஆனால் பிள்ளை ஏறியாக வேண்டும். ஒரு ஆள் குறைந்தால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

"அம்மாச்சி இன்னும் முழிக்கலியா?"

"தூங்குதா. நீ போ" என்றான் செண்பகராஜ், மனைவியையும் கட்டிலையும் முதுகால் மறைத்துத் திரும்பாமலே.

"அம்மாச்சி, வாரேன்."

பிள்ளை ராதாமணியோடு போனாள். பஸ் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. சத்தம் நாகலாபுரம் ரோட்டில் தேய்ந்து மறைந்ததும் செண்பகராஜ் கையை எடுத்தான்.

"இப்ப அழு" என்றான்.

அழுகை வரவில்லை. அழுவதற்கு எதிரே இன்னொரு கழுத்து வேண்டும். ஊரில் மிச்சம் இருந்தது ஆடு பத்தப் போகிறவர்களும், கைப்பிள்ளைகளும், கண் தெரியாத இரண்டு கிழவர்களும். சந்தனமாரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கரிசல் வெக்கையில் பிணம் தாங்காது என்று உச்சிவெயிலில் ஆறேழு ஆண்கள் சேர்ந்து வள்ளித்தாயைத் தூக்கிப் போனார்கள். ஊர்ச் சாவுக்கெல்லாம் அழுதவள், அழ ஆளில்லாமல் போனாள்.

இருட்டிய பிறகு பஸ் வந்தது. அறுபது பேரும் தீக்குச்சி மருந்து வாடையோடு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ராதாமணி இரண்டு தடவை மாரில் அடித்தாள். மூன்றாவதற்குக் கை எழவில்லை. பன்னிரண்டு மணி நேரம் குச்சி அடுக்கிய கை. விடிந்தால் மறுபடி பஸ். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

இசக்கிசெல்வி ஒன்றுதான் கேட்டாள். "நான் வாரேம்னு சொன்னப்பமே செத்துதான் கெடந்தாளாம்மா?"



நாலு மாதம் கழித்து முதலாளியின் தாயார் கல்யாணசுந்தரியம்மாள் எண்பத்தாறாம் வயதில் காலமானார். அவர் சனிக்கிழமை சாயங்காலம் கண்ணை மூடியதால் அடக்கம் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ள முடிந்தது. வேலைநாள் ஒன்றுகூட வீணாகவில்லை. பெரியவர்கள் சாவும் ஒரு ஒழுங்கோடுதான் வருகிறது.

லீவு நாளில் ஹாரன் கேட்டு ஊர் வெளியே ஓடிவந்தது. "எல்லாரும் ஏறுங்க" என்றான் லிங்கராஜ். "மொதலாளி அம்மா தவறிட்டாவ. ஒரே குடும்பம்னு செவுத்துல எழுதிப் போட்டிருக்குல்லா? அங்கன வச்சு பேர் கூப்பிடுவாவ. வராதவங்க நாளைக்கும் வராண்டாம்."

கோவில்பட்டியில் வீட்டு வாசலை அடைத்துப் பந்தல். ஊர் வாரியாக உட்கார வைத்தார்கள். நானூறு பெண்கள் இருக்கும். கலர் பாட்டில் கொடுத்தார்கள். பேர் வாசித்தார்கள், ஆளாளுக்கு "இருக்கேன்" என்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாள் பட்டுச்சேலையோடு படுத்திருந்தார். தலைமாட்டில் பூவனநாதன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருக்குத் தாய் மேல் உயிர். அதில் பொய் கிடையாது.

பம்பாயில் இருக்கும் தம்பிக்கு விமானம் கிடைக்கவில்லை. அவருக்கு அனுப்ப வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீடியோக்காரர் லிங்கராஜை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இவ்வளவு கூட்டம் இருக்கு, ஒருத்தர் கண்ணுலயும் தண்ணி இல்லையே. சினிமா பாக்க வந்தமாரி உக்காந்திருக்காங்க. பம்பாய்க்காரர் பாத்தா என்ன நெனப்பாரு?"

லிங்கராஜ் நேராக சந்தனமாரியிடம் வந்தான். தாயின் குரல் அவளுக்கு அப்படியே இருந்தது அவனுக்குத் தெரியும்.

"சந்தனமாரி, நீ எடுத்துக் குடு. மத்தவிய பிடிச்சுக்கிடுவாவ. மொதலாளி பாக்குதாரு."

சந்தனமாரி எழுந்திருக்கவில்லை. பந்தலுக்கு வெளியே நின்ற ஆபீஸ் பஸ்ஸைக் காட்டினாள்.

"பஸ்சு நிக்குதே அண்ணாச்சி."

"நின்னா என்ன?"

"எங்க ஊர்ல பஸ் போன பொறவுதான அழுவுதது. பஸ் போவட்டும். நான் அழுதுக்கிடுதேன்."

குரலில் கோபம் இல்லை. வழக்கத்தைச் சொல்கிற குரல்தான். பக்கத்தில் இருந்த இசக்கிசெல்வி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். குருவம்மாள்புரத்து அறுபது பேரும் தலையைக் குனிந்தார்கள். லிங்கராஜும் அந்த ஊர்க்காரன்தான்.

அப்போதுதான் ராதாமணி வெடித்தாள். "ஏ அத்தே!" என்று கத்திக்கொண்டு சந்தனமாரியின் மேல் விழுந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "என்னப் பெத்த வள்ளித்தாயி! ஒனக்கு ஒரு சத்தம் குடுக்காமப் போனமே!" நாலு மாதமாக அடைத்துக் கிடந்த அழுகை சந்தனமாரியின் தொண்டையிலிருந்து அப்போது கிளம்பியது. தாயின் குரலேதான். அறுபது பேரும் கழுத்தோடு கழுத்துக் கட்டி, வட்டம் கூடி, மாரடித்து, வள்ளித்தாயை அழுது தீர்த்தார்கள். வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

பூவனநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். "பெத்த பிள்ளைகூட இப்படி அழாதுய்யா" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அது யாருப்பா, வள்ளித்தாயி வள்ளித்தாயிங்காவ?"

லிங்கராஜ் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அவனைத் தூக்கி வளர்த்தவளும் வள்ளித்தாய்தான்.

"மரியாதப்பட்ட பெரியவிய தவறுனா எங்க ஊர்ல அப்படித்தான் பேர் சொல்லி அழுவாவ மொதலாளி" என்றான்.

கேசட் மறுவாரம் பம்பாய்க்குப் போனது. தம்பி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார்கள். வள்ளித்தாய்க்காக ஊர் அழுததற்கு இன்றைக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தக் கேசட்தான். அதன் மேல் கல்யாணசுந்தரியம்மாளின் பெயர் ஒட்டியிருக்கிறது.