சலவைக்கூடத்துப் பூட்டு

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே செவ்வந்தியின் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துவைக்கும் மெஷினின் வட்ட வாய்க்குள் இடுப்புவரை குனிந்து, முறுக்கிக் கிடந்த ஈர விரிப்புகளை இழுத்து இழுத்து வண்டியில் போட்டாள். ஒவ்வொன்றும் மழையில் நனைந்த வைக்கோல் கட்டைப்போலக் கனத்தது. சோப்பு மருந்தின் காரத்தில் விரலிடுக்குகள் வெள்ளையாக ஊறிப்போயிருந்தன. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் அந்தக் கோடியில் தேய்க்கும் மெஷின். சூடேறிய இரண்டு உருளைகளுக்கு நடுவே விரிப்பின் முனையை ஒருத்தி கொடுக்க, மறுபக்கம் சுருக்கமில்லாமல் வருவதை இன்னொருத்தி வாங்கி மடிக்க வேண்டும். கொடுக்கிற இடத்தில் கோகிலவாணி நின்றாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண்.

"யக்கா, வேகாஸுன்னு பேரு வெச்சிக்கினாங்க. வேகறது மட்டும் நாமளா?" என்றாள், முகத்தைத் தோளில் துடைத்தபடி.

அந்தச் சூட்டில் சிரிப்பதற்குக்கூடத் தெம்பு வேண்டும். ஆனாலும் எல்லோரும் சிரித்தார்கள்.

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் ரோட்டில், கரும்பு முடிகிற இடத்தில் நின்றது 'லிட்டில் வேகாஸ்' ரிசார்ட். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வரும். மேலே ஆட்டக்கூடம். பகலா ராத்திரியா என்று தெரியாதபடி ஜன்னலே இல்லாமல் கட்டியது. நிஜப் பணம் வைத்து ஆடச் சட்டம் விடாது என்பதால் கலர் கலரான பிளாஸ்டிக் வில்லைகள். ஜெயித்த வில்லைகளைக் கொடுத்துப் பக்கத்துக் கடைத்தெருவில் கைக்கடிகாரமோ சென்ட் பாட்டிலோ வாங்கிக்கொள்ளலாம். கடைத்தெருவின் கூரையில் வானம் வரைந்திருந்தார்கள். அங்கே எந்நேரமும் அந்தி மேகம். அதற்கப்பால் கடல் நண்டும் ஆட்டுத்தொடையும் பரிமாறும் சாப்பாட்டுக்கூடங்கள், மேடை, பாட்டு, ஆட்டம். எல்லாவற்றுக்கும் அடியில் லாண்டிரி. மேலே சிந்தியதும் துடைத்ததும் கசக்கியதும் மூட்டை மூட்டையாகக் கீழே இறங்கும்.

முதலாளி கந்தசாமிக்கு எலவனாசூர்கோட்டைப் பக்கம் பூர்வீகம். இங்கே அவருடைய கரும்புக் கொல்லையில்தான் இந்தப் பெண்களின் தாய்மார்கள் கட்டு சுமந்தார்கள். கொல்லை ஓரம் குடிசை போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் இப்போது நீச்சல்குளம் மினுங்குகிறது. குடிசைகளுக்குப் பதிலாக, பின்மதிலுக்கு வெளியே ஒரே வரிசையாக ஷீட் வீடுகள் கட்டிக்கொடுத்தார். "வூட்டுக்கு ஒரு பொம்பள வேலைக்கு வரணும். வேல இருக்கற வரைக்கும் வூடு" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

திருப்பூருக்குப் போய்விடலாமா, பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போகலாமா என்று செவ்வந்தி பல தடவை யோசித்திருக்கிறாள். போனால் படுத்த படுக்கையான மாமனார் சடையனையும் பள்ளிக்கூடம் போகும் மகள் அபிநயாவையும் எந்தக் கூரைக்கடியில் விடுவது? யோசனை ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் வந்து முட்டி நின்றுவிடும். மறுநாள் விடியுமுன் அவள் மறுபடி மெஷினுக்குள் குனிந்திருப்பாள்.

இது போதாதென்று பூட்டு வேறு. ஒருநாள் கோகிலவாணி அந்த வரைந்த வானத்தைப் பார்க்கும் ஆசையில், ஈரப் புடவையோடு கடைத்தெருவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள். போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் முகம் சுளித்தது. அன்றிலிருந்து பெண்கள் உள்ளே போனதும் லாண்டிரியின் இரும்புக் கதவு வெளியே பூட்டப்பட்டது. சாவி மேலே செக்யூரிட்டி மேசையில். சாப்பாட்டு நேரத்தில்தான் திறப்பு. மூத்திரத்துக்குக்கூட மூலையில் தடுத்து வைத்த சந்துதான்.

கோடை லீவுக் கூட்டம் நிரம்பி வழிந்தது. மெஷின்களுக்கு ஓய்வில்லை. தேய்க்கும் மெஷினுக்குப் போகும் நீராவிக் குழாயின் மூட்டு கொஞ்ச நாளாகவே சீறிக்கொண்டிருந்தது. மேனேஜர் சரத்குமாரிடம் சொன்னார்கள். "சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றான் அவன்.

அன்று காலை அது வெடித்தது.

முதலில் லாரி டயர் வெடித்ததைப்போல ஒரு சத்தம். அப்புறம் கூடம் முழுக்க வெள்ளைப் புகை. எதிரே நின்றவள் முகம் தெரியவில்லை. அந்த வெண்மைக்குள்ளிருந்து கோகிலவாணியின் அலறல் மட்டும் வந்தது. செவ்வந்தி ஒரு ஈர விரிப்பைத் தலையில் போர்த்துக்கொண்டு தரையோடு தரையாக நகர்ந்து போய், கையில் சிக்கிய காலைப் பிடித்து இழுத்தாள். கதவடிக்கு வந்து பார்த்தபோது, அந்தப் பெண்ணின் கழுத்தும் வலது கையும் தோலுரிந்து சிவந்திருந்தன. வளையல்கள் சதையில் புதைந்துபோயிருந்தன.

"கதவைத் தொறங்க! யோவ், கதவைத் தொறங்கய்யா!"

எல்லோரும் இரும்பில் அடித்தார்கள். கையால், வாளியால், செருப்பால். மேலே பாட்டு. காலையிலேயே ஆட்டம் தொடங்கியிருந்தது. நீராவி கூரையிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கதவு திறக்கப்போவதில்லை, இங்கேயே முடிந்துவிடும் என்று செவ்வந்தி நினைத்தாள். அபிநயாவுக்குத் தலை பின்னிவிடாமல் வந்தது ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

துவைக்கப் போட்ட யூனிபார்ம் கோட்டை வாங்க இறங்கி வந்த சந்தியாவின் காதில்தான் அந்தச் சத்தம் விழுந்தது. மலைமேல் இருந்து வந்த பெண். பி.காம். படித்துவிட்டு ஆட்டக்கூடத்தில் சீட்டுப் போடும் வேலை பார்க்கிறாள். பூட்டை ஆட்டிப் பார்த்தாள். மேலே ஓடினாள். செக்யூரிட்டி மேசையில் ஆள் இல்லை. சாவிக்கொத்தும் இல்லை. நேராக மேடையேறி, பாடிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"கீழ லாண்டிரில பொம்பளைங்கள உள்ள வெச்சிப் பூட்டியிருக்காங்க! வெந்து சாவறாங்க! சாவி யாராண்ட இருக்குது?"

பாட்டு நின்றது. வில்லைகளை அடுக்கிக்கொண்டிருந்த கைகள் நின்றன. விருந்தாளிகளில் சிலர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் ஓடினார்கள். அதன் பிறகுதான் சாவியோடு மேனேஜர் வந்தான். கதவு திறந்து புகை வெளியே கொட்டியது. தோளில் கோகிலவாணியைச் சாய்த்துக்கொண்டு செவ்வந்தி வெளியே வந்தாள். சரத்குமார் அவர்களைப் பார்க்கவில்லை. சந்தியாவிடம்தான் திரும்பினான்.

"ஒன்ன எவன் மைக்கைத் தொடச் சொன்னது? நாளையிலேருந்து வராத."

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ரிசார்ட் வண்டியிலேயே கொண்டுபோனார்கள். வழியெல்லாம் மேனேஜர் குனிந்து குனிந்து பேசிக்கொண்டு வந்தான். "வூட்ல வெந்நி கொட்டிக்கிச்சின்னு சொல்லிடுங்க. செலவு மொத்தமும் நாங்க பாத்துக்கறோம். வேற மாதிரி சொன்னா போலீஸு, கேஸு. ரிசார்ட்ட மூடிட்டா ஒங்களுக்குத்தான் கஷ்டம்."

செவ்வந்திக்கு வீடு கண்முன் வந்து நின்றது. டாக்டர் வந்து எப்படி நடந்தது என்று கேட்டபோது அவள் மேனேஜரைத்தான் பார்த்தாள். வீங்கிய உதட்டை அசைத்துக் கோகிலவாணிதான் சொன்னாள்:

"வூட்ல இல்லீங்க. பூட்டி வெச்ச எடத்துல."

மறுநாள் விடியற்காலையில் பெண்கள் வந்தார்கள். ஆனால் யாரும் உள்ளே போகவில்லை. லாண்டிரிக் கதவுக்கு வெளியே, மலைபோல் குவிந்த அழுக்குத் துணிகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். யாரும் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை. செவ்வந்தி வாசற்படியில் நின்றுவிட்டாள்; பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். வேலை போன சந்தியாவும் வந்து அவர்களோடு நின்றாள்.

வெயில் ஏறியதும் கந்தசாமியே வந்தார்.

"இன்னா, கதவாண்ட கூட்டம்? ரூமுக்குப் போட விரிப்பு இல்ல, மேல கத்தறானுங்க."

"கதவைப் பூட்ட மாட்டோம்னு சொல்லுங்க மொதலாளி, போறோம்" என்றாள் செவ்வந்தி. "அந்தப் பைப்ப மாத்தணும். கோகிலவாணி எழுந்து வர்ற வரைக்கும் அவளுக்குக் கூலி குடுக்கணும். சந்தியாவத் திருப்பி வேலைக்கு எடுக்கணும்."

"பூட்டு ஒங்க நல்லதுக்குத்தான். எதுனா காணாமப் போனா யாரு பதில் சொல்றது?"

"காணாமப் போனது அந்தப் பொண்ணு தோலுதான் மொதலாளி."

அவர் முகம் கறுத்தது. "வாய் ஜாஸ்தியாயிடிச்சி ஒனக்கு. ஒங்கம்மா எங்கிட்ட ஒரு நாளும் தலை நிமிந்து பேசினவ கெடையாது."

"அவ தலைமேல கரும்புக்கட்டு இருந்திச்சிங்க. எப்படி நிமிருவா?"

பின்னால் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். கந்தசாமி கத்தாமல், விலை பேசுகிறவரைப்போலச் சொன்னார்: "சாயங்காலத்துக்குள்ள மெஷின் ஓடணும். ஓடலன்னா காலி பண்ற மொத வூடு ஒன்னுது."

பகல் முழுக்க வரிசை வீடுகள் அடங்கிக் கிடந்தன. பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் ரிசார்ட் சமையற்கட்டில் பாத்திரம் தேய்ப்பவள். அவள் செவ்வந்தியைப் பார்த்தும் பார்க்காதவள்போலக் கதவைச் சாத்திக்கொண்டாள். செவ்வந்தியின் புருஷன் பச்சமுத்து ரிசார்ட்டில் நீச்சல்குளம் சுத்தம் செய்பவன். அவன் மத்தியானமே வேலையைப் போட்டுவிட்டு வந்து, மனைவி முன்னால் குந்தினான்.

"நீ ஏம்மே முன்னால போய் நின்ன? இத்தினி பேரு இருந்தாங்க இல்ல?"

"பின்னால நின்னிருந்தா மொத வூட்டுக்குப் பதிலா கடைசி வூடு. அவ்ளோதான்யா."

"எனக்கு பயமா இருக்குது."

"எனக்கு மட்டும் இல்லியா? நேத்து அந்தக் கதவுக்குப் பின்னால இருந்தேன்யா. இன்னிக்கி வெளிய நிக்கறேன், ஆனாலும் அதே மாதிரிதான் மூச்சு முட்டுது. திரும்ப உள்ள போனா இந்த மூச்சும் இருக்காது."

அவன் எழுந்து உள்ளே போய்த் தகப்பனுக்குக் கஞ்சி ஊட்டினான்.

சொன்னபடியே வெயில் தாழ்ந்ததும் டிராக்டர் வந்தது. மேனேஜரும் செக்யூரிட்டி ஆட்களும் பின்னால் வந்தார்கள். டிரைவர் அய்யப்பன் யாரையும் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரிசி டிரம், மிக்சி, அபிநயாவின் புத்தகப் பை, துணி மூட்டை என்று ஒவ்வொன்றாக ரோட்டுக்கு வந்து விழுந்தன. சடையனைக் கட்டிலோடு தூக்கிவந்து மதிலோரம் வைத்தார்கள். கிழவர் வானத்தைப் பார்த்துக் கண்ணை மூடிமூடித் திறந்தார். அபிநயா அழவில்லை. தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசை முழுவதும் வாசல்களில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒருவர்கூட அசையவில்லை. ரோட்டில் கிடந்த தன் சாமான்களைப் பார்க்கச் செவ்வந்திக்கு வெட்கமாக இருந்தது. நடுத்தெருவில் புடவை அவிழ்ந்ததைப்போல இருந்தது.

லட்சுமியம்மாளின் கதவு திறந்தது. காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். கடகடவென்ற சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். அதைக் கொண்டுவந்து செவ்வந்தியின் அரிசி டிரம்மோடு ஒட்டி நிறுத்தினாள்.

"இதையும் ஏத்து" என்றாள் அய்யப்பனிடம்.

"ஒன் வூட்ட யாரு காலி பண்ணச் சொன்னது?" என்று சரத்குமார் கத்தினான்.

"இன்னிக்கி அவளுது, நாளிக்கி என்னுது. ஒரே நடையா எடுத்துகினு போங்க சார். டீசலாச்சும் மிஞ்சும்."

மறுபடி உள்ளே போய் டி.வி.யைத் தூக்கி வந்தாள். அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து ஒரு பீரோ பாதி வெளியே வந்துவிட்டது. அதற்கடுத்த வீட்டிலிருந்து குண்டான்களும் அண்டாக்களும். கோகிலவாணியின் புருஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு தன் வீட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து போட்டான். குடங்கள், டிரங்குப் பெட்டிகள், தொட்டில் கம்பு, சாமி படங்கள். எது யாருடையது என்று தெரியாதபடி ரோடு நிரம்பிவிட்டது. பச்சமுத்து கடைசி வீட்டுக் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தான்.

அய்யப்பன் எஞ்சினை நிறுத்தினான்.

"எது இவங்களுதுன்னு சொல்லுங்க சார், ஏத்தறேன்."

சரத்குமார் குவியலைப் பார்த்தான். போனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய்ப் பேசினான். நெடுநேரம் தலையை ஆட்டினான். பிறகு டிராக்டரை ஒன்றும் ஏற்றாமலே திருப்பச் சொன்னான். போகும்போது, "காலைல போலீஸோட வருவோம்" என்றான்.

வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வீடு இவர்கள் யார் பேரிலும் இல்லை. பூட்டு இன்னும் அந்தக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கோகிலவாணியின் கட்டுக்குள் காயம் ஊறிக்கொண்டிருந்தது.

"அவங்க வர்றதுக்குள்ள நாம கலெக்டர் ஆபீஸ்ல இருக்கணும்" என்றாள் சந்தியா. "மொத பஸ்ஸுல பாதிப் பேரு போவோம். பாதிப் பேரு இங்க ரோட்டுலயே இருக்கட்டும்."

"சமையற்கட்டு ஆளுங்களும் நாளிக்கி உள்ள போவல" என்றாள் லட்சுமியம்மாள், கொண்டையை முடிந்துகொண்டே. "நான் பேசிக்கறேன்."

மலையிலிருந்து காற்று இறங்கத் தொடங்கியது. யாரும் சாமானை உள்ளே எடுத்துப் போகவில்லை. பச்சமுத்து மூன்று கற்களைப் புரட்டிக்கொண்டு வந்து ரோட்டோரம் அடுப்புக் கூட்டினான். செவ்வந்தி குவியலுக்குள் கைவிட்டு இருப்பதிலேயே பெரிய குண்டானாக ஒன்றை எடுத்தாள். அது யார் வீட்டுக் குண்டான் என்று அவள் பார்க்கவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.