ஆயுத பூஜைக்கு மறுநாள் பறக்கவேண்டிய விமானம்

தஸ்லிமுக்கு அன்று காலையில் எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது. மத்திகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போதே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனக்குத்தானே சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? ஓசூருக்கு வெளியே விமானம் பழுதுபார்க்கும் அந்த ஷெட்டில் மெக்கானிக்காகச் சேர்ந்து வருஷம் ஒன்று ஓடிவிட்டது. "இந்த வாரம் உன்னைக் கன்ஃபர்ம் பண்ணிடறேம்மா" என்று மேனேஜர் விஜயகுமார் முந்தின நாள் ஆயுத பூஜையில், வாய் நிறையச் சுண்டலோடு சொல்லியிருந்தார். சுண்டல் வாயோடு சொன்னது பலிக்கும் என்று அவளுக்கு ஏனோ தோன்றியது.

அந்தச் சிரிப்பெல்லாம் பூஜை மேடையிலிருந்து தன் டூல்களை எடுத்துவந்து பெட்டியில் அடுக்கும் வரைதான்.

நட்டு முடுக்குகிற, உள்ளங்கை அளவு ராட்செட் ஸ்பேனர் ஒன்று இருக்கவேண்டிய குழி, காலியாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அவள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். பூஜை மேடைக்குத் திரும்ப ஓடி, வாடிய சாமந்தியை எல்லாம் விலக்கிப் பார்த்தாள். இல்லை.

வேலை முடிந்தால் டூல்களை எண்ணிப் பெட்டியில் வைக்க வேண்டும், எண்ணாமல் விமானத்தை மூடக்கூடாது. இது அந்தத் தொழிலில் முதல் பாடம். ஆனால் பூஜை அன்று கதையே வேறு. அவசர அவசரமாக வேலையை முடித்து, விமானத்தை மூடி, எல்லாருடைய டூலையும் கழுவிச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் குவித்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். மறுநாள் வரை தொடக்கூடாது. சாமி முன்னால் இருப்பதை எண்ணக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் எண்ணவுமில்லை, அவ்வளவுதான். தஸ்லிமும்தான் எண்ணவில்லை.

அந்த ராட்செட்டை அவள் கடைசியாகப் பிடித்தது விமானத்தின் வாலுக்குள். மேலே ஏறவும் கீழே இறங்கவும் விமானத்தைத் திருப்புகிற கம்பிக் கயிறுகள் ஓடுகிற இடம் அது. ராட்செட் அங்கே கிடந்து கயிற்றில் மாட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எழுபது பேர் ஏறுகிற விமானம். பெங்களூருக்கு ஓட்டிப்போக விமானிகள் வந்து கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலமே ஜனங்கள் ஏறிவிடுவார்கள்.

பேசாமல் இருந்துவிடலாமா? ஒரு நிமிஷம் இருந்து பார்த்தாள். முடியவில்லை. நேராக விஜயகுமாரிடம் போய்விட்டாள்.

"சார், என் ராட்செட்டைக் காணோம். வாலுக்குள்ள விட்டுட்டனோன்னு பயமா இருக்கு. வாலைத் தொறக்கணும்."

விஜயகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வால் எதுக்கும்மா இப்ப? மொதல்ல வெளியே தேடு."

"இல்லீங்க சார், தொறந்தே ஆகணும்."

"வேலை கன்ஃபர்ம் ஆகற நேரத்துல உனக்கு ஏம்மா இந்த வம்பு?"

"பறந்துட்டா இன்னும் பெரிய வம்பு சார்."

அவர் சீனியர் மெக்கானிக் முனிவேலைப் பார்த்துக் கையைக் காட்டினார். முனிவேல் ஏணியைச் சாய்த்து வால் மூடியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். அப்போதுதான் தஸ்லிமுக்கு இன்னொன்று உறைத்தது. டூல் குவியலை ஒட்டிப் பேப்பரை விரித்து, பொரி, கடலை, வெல்லத்தை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பொட்டலம் கட்டி எல்லார் வீட்டுக்கும் கொடுத்தனுப்பியவர் கேன்டீன் சரோஜம்மாள். ஓடிப்போய்க் கேட்டாள்.

"கைக்கு வந்ததை அள்ளுனேன் கண்ணு," என்றார் சரோஜம்மாள். "பொரியா இரும்பான்னு யாரு பார்த்தா?"

பிறகு பிடித்தது ஷெட்டுக்குப் பைத்தியம். ஆளாளுக்கு வீட்டுக்குப் போன் போட்டார்கள். தமிழில், கன்னடத்தில், தெலுங்கில் என்று மூன்று பாஷையிலும் ஒரே கேள்வி: பொரியைத் தின்றாகிவிட்டதா? ஒரு வீட்டில் மாடு தின்றிருந்தது. "மாட்டுக்கு ஒண்ணுமில்லையே" என்று வெல்டிங் சுரேந்தர் கவலையாக விசாரித்தான். காவலாளி, பிரிக்காத தன் பொட்டலத்தை எல்லார் முன்னாலும் மேஜையில் கொட்டித் தான் நிரபராதி என்று காட்டிவிட்டு, பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றார். தஸ்லிமுக்கு அடிவயிற்றில் பயம், தொண்டையில் சிரிப்பு. இரண்டும் முட்டிக்கொண்டு விக்கல் வந்துவிட்டது.

கடைசியில் டிரைவர் கோவிந்தன் போனை ஸ்பீக்கரில் போட்டார். மூக்கண்டப்பள்ளியிலிருந்து அவர் மனைவி மாதம்மாள் பேசினார்.

"ஆமாங்க, பொரில பளபளன்னு ஒண்ணு இருந்துச்சு. குங்குமம் வெச்சிருந்துச்சே, கம்பெனில குடுத்த கிஃப்ட்டுன்னு நெனச்சேன். சாமி ரூம்ல வெச்சு விளக்கேத்திட்டேன். போன வருஷம் டிபன் பாக்ஸ் குடுத்தாங்க, அதுவே தேவலை."

ஷெட்டே அதிரச் சிரித்தார்கள். கோவிந்தன் தலையில் அடித்துக்கொண்டார். தஸ்லிம் மூச்சு வாங்கச் சிரித்தாள், விக்கல் நின்றேபோனது. எல்லாரையும் விட விஜயகுமாருக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. "கெடச்சிருச்சில்ல, வாலை மூடுங்கப்பா" என்று கைதட்டினார்.

"இருங்க சார்," என்று வாலுக்குள்ளிருந்து முனிவேலின் குரல் மட்டும் வந்தது. "இங்க வேற ஒண்ணு இருக்கு."

கை ஒன்று வெளியே நீண்டது. அதில் ஓர் எலுமிச்சம்பழம். வெட்டிக் குங்குமம் தடவிய திருஷ்டிப் பழம், ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"கயித்துக்கும் கப்பிக்கும் நடுவுல மாட்டியிருந்துச்சு," என்றார் முனிவேல். "இழுத்துப் பார்த்தேன், கயிறு பாதியிலயே நின்னுடுச்சு."

ஷெட்டில் சிரிப்பு அடங்கிவிட்டது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. விஜயகுமாரின் காது மடல் சிவந்ததை எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

அவர் தஸ்லிமைத் தனியே அழைத்தார். "நல்லா இருக்கணும்னுதாம்மா வெச்சேன். வாலை மூடறதுக்கு முன்னால, ஓரமாத்தான் வெச்சேன்."

"உருண்டிருக்கு சார்."

"பைலட்டுங்க ஏன் லேட்டுன்னு கேப்பாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஸ்பேனரைத் தேடுனோம்னு மட்டும் சொல்லிக்கலாமா? உன் கன்ஃபர்மேஷனை நான் பார்த்துக்கறேன்."

அவள் வேலை அவர் கையில்தான் இருந்தது. தஸ்லிமுக்கு அழுகையாக வந்தது. அவர் மேல் கோபம் வரவில்லையே என்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஸ்பேனர் கோவிந்தண்ணன் வீட்டுல இருக்கு சார். அதை எண்ணாம விட்டது என் தப்பு, அதை நான் சொல்லிக்கறேன். வாலுக்குள்ள இருந்தது ஸ்பேனர் இல்லையே."

 விஜயகுமார் முனிவேலிடமிருந்து பழத்தை வாங்கிக்கொண்டு கேன்டீனுக்கு நடந்தார். கேன்டீனின் கண்ணாடி ஜன்னல் வழியாக ஷெட்டே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பழத்தை மேஜையில் வைத்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். இளைய விமானி முதலில் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. பழத்தை எடுத்து நசுங்கிய பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து, நின்றுகொண்டிருந்த விஜயகுமாருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.