நடுச்சுவரும் ஒரு தம்ளர் தண்ணீரும்

ஏரிக்கரை ஊரான தோணிரேவில் ரோசிக்கு மீன் சாப்பாட்டுக் கடை வைக்க வேண்டும். பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கூடை சுமந்தது போதும். ஆனால் மேசை போட இடம் வேண்டுமென்றால் வீட்டின் நடுச்சுவர் போயாக வேண்டும். அந்தச் சுவரின் தலைமேல்தான் மாடி. மாடியில் கணவன் டேவிட்டின் அண்ணன் வின்சென்ட். எதைக் கேட்டாலும் "வேணாம்" என்பார். அண்ணனுக்குப் பயந்த டேவிட் காலையிலேயே ஏரிக்கு நழுவிவிட்டான்.

வின்சென்ட் மாடித் தரையில், சுவருக்கு நேர்மேலே, தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தார்.

"ஒரு சொட்டு சிந்துச்சுன்னா வேலைய நிறுத்திடணும். இன்னா?"

"சரி மாமா" என்றாள் ரோசி. வேறென்ன சொல்வாள்?

தேவதாஸ் மேஸ்திரி சுவரின் இருபுறமும் இரும்பு ஜாக்கிகளை மாடித் தளத்துக்கு முட்டாக நிறுத்தித் திருகினார். நாலு செங்கல் பெயர்ப்பதற்குள் மேலேயிருந்து காரை உதிர்ந்தது. ஜாக்கிகளின் கால்கள் தரையைப் பொத்துக்கொண்டு இறங்கின. ஏரிக்கரை வீடு, சிமெண்டுக்குக் கீழே மணல்தானே!

"சிந்திடுச்சி!" என்று மேலிருந்து வின்சென்ட் கத்தினார். குரலில்தான் என்ன சந்தோஷம்!

ரோசி வாசலுக்கு வந்தாள். கரையேற்றிய படகுகளெல்லாம் பலகைமேல் நின்றன. வெறும் மணலில் விட்டால் புதையும் என்று ஊரில் யாருக்குத் தெரியாது? வீட்டுக்குள் வந்ததும் எல்லோருக்கும் மறந்துவிட்டது, அவளுக்கும்தான்.

"மேஸ்திரி, செவுத்துல கை வெக்காதீங்க!"

ஓடிப்போய்க் கரையில் மிச்சம் கிடந்த படகுப் பலகைகளை இழுத்துவந்தாள். ஜாக்கிகளின் காலடியில் அவற்றை நீளவாக்கில் போட்டு மேஸ்திரி மறுபடி திருகினார். இம்முறை ஒன்றும் இறங்கவில்லை. ரோசி மாடியேறித் தரையைத் துடைத்து, தம்ளரைத் தானே விளிம்புவரை நிரப்பினாள்.

"இன்னொரு வாட்டி மாமா. சிந்துச்சுன்னா செவுத்த திரும்பக் கட்டிக் குடுத்துடறேன். ஆனா நீங்க கீழ வந்துடணும். நீங்க வுடற மூச்சுலயே சிந்திடும்."

வின்சென்ட் முனகிக்கொண்டே கீழே இறங்கி வந்தார். செங்கல் செங்கலாகச் சுவர் இறங்கியது. அதன் இடத்தில் இரும்பு உத்திரம் ஏறி உட்கார்ந்தது. சாயங்காலம் எல்லோரும் மாடிக்குப் போனார்கள்.

தண்ணீர் விளிம்பிலேயே நின்றது. வின்சென்ட் குனிந்து, தம்ளரைச் சுற்றித் தரையை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

ரோசி தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். அந்தத் தண்ணீர் அப்படி இனித்தது.

"கடை தொறந்தா மொத சாப்பாடு உங்களுக்குத்தான் மாமா. இன்னா மீனு வேணும்?"

வின்சென்ட் "வே..." என்று தொடங்கிப் பாதியில் விழுங்கினார்.

"மடவ" என்றார். "ரெண்டு துண்டா வை."