பன்றிப் பள்ளத்தில் ஓய்வு

விருந்தினர் படிவத்தின் ஐந்தாவது கேள்வி: ‘ஒயினுக்கும் உங்களுக்கும் உள்ள உறவு என்ன?’ கணவனுக்கு ஓர் இடம், மனைவிக்கு ஓர் இடம் விட்டிருந்தார்கள். கிதியோன் பெப்ருவாரி தன் இடத்தில் ‘ரசிகர், சுயமாகக் கற்றவர்’ என்று பள்ளிக்கூடப் பலகை எழுத்தில் எழுதினார். அதோடு மனம் அடங்காமல், விளிம்பில் ஏறி வளைந்து ‘பேச்சாளர்’ என்பதையும் சேர்த்தார். சர்ச் ஆண்கள் சங்கத்தில் ஒருமுறை ‘கானாவூர்க் கலியாணமும் திராட்சரசமும்’ பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார், அது பொய்யில்லை. பிறகு ராகேலின் இடத்துக்கு வந்தார். பேனாவை ஒருமுறை உதறினார். நேராக ஒரு சின்னக் கோடு கிழித்தார். தேர்வுக்கு வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே முப்பத்தாறு வருஷம் கிழித்துப் பழகிய அதே கோடு.

ராகேல் அதைப் பார்த்தாள். கையில் மீன்குழம்பு டப்பா அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்திருந்தாள், வழிக்கென்று பொரித்த இறைச்சி உருண்டைகள்.

“அது என்ன கோடு?”

“அவங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? ரிலாக்ஸ் பண்ணத்தானே வந்திருக்கோம்.”

“நான் ரிலாக்ஸாத்தான் கேக்கறேன்.”

வரவேற்பு மேஜைப் பெண் சிரித்தாள். கிதியோன் படிவத்தை நான்காக மடித்துக் கொடுத்தார்.

துணைத் தலைமையாசிரியராக அவர் ஓய்வு பெற்றபோது பள்ளி ஒன்றுகூடிக் கொடுத்த பரிசு இது. தம்பதியாக இரண்டு நாள், சாப்பாடும் குளியலும் உள்பட. விடுதியின் பெயர் பிரெஞ்சில் இருந்தது. பொன் பள்ளத்தாக்கு என்று பொருளாம். பார்ல் நகரத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது, ஆனால் இடம் நன்றாகத் தெரியும். பெயர் மாறுவதற்கு முன் அது பன்றிப் பள்ளம். ராகேல் பதினேழு வயதிலிருந்து முப்பத்தொன்பது வரை, ஒவ்வொரு குளிர்காலமும் விடிகாலை லாரியில் ஏறி வந்து இங்கே திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்தவள். பரிசுச் சீட்டைப் பிரித்தபோது கிதியோனுக்கு முகம் ஒரு கணம் கறுத்தது. பிறகு சுதாரித்துக்கொண்டார். “இப்ப அங்க பழைய ஆளுங்க ஒருத்தரும் இல்ல,” என்று தானே தனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டார்.

அவர் பெருமைக்காரர். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. பெப்ருவாரி என்ற குடும்பப் பெயரே, எந்த முப்பாட்டனை எந்த மாதத்தில் யார் அடிமையாக விலைக்கு வாங்கினார்கள் என்பதன் ரசீது. அந்த ரசீதைச் சட்டையில் குத்திக்கொண்டு பிறந்தவன், கழுத்துப்பட்டை கட்டி, பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் அறுநூறு பிள்ளைகள் நிமிர்ந்து நிற்கும் இடத்துக்கு வந்திருக்கிறான் என்றால் கொஞ்சம் மார்பு விரியத்தான் செய்யும். பிரச்சினை என்னவென்றால், அந்த மார்பு விரிய விரிய ராகேலுக்கு இடம் குறைந்துகொண்டே வந்தது. புதிய பாதிரியாரிடம் அறிமுகம் செய்யும்போது, “மிஸ்ஸஸ் வீட்டைப் பார்த்துக்கறாங்க.” கல்வி அதிகாரியிடம், “மிஸ்ஸஸ் எப்பவும் வீட்டுலதான்.” ராகேலுக்குத் தன் முழு வாழ்க்கையில் ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. அந்த மனுஷன் ஒரே ஒரு முறை, நாலு பேர் காதில் விழும்படி, உள்ளதைச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் அவர் எவ்வளவு வேண்டுமானாலும் பீற்றிக்கொள்ளட்டும்.

அன்று மதியம் அவர்களைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் ஏதோ தேய்த்தார்கள். மெழுகுவர்த்தி எரிந்தது. எங்கிருந்தோ தண்ணீர் சொட்டும் இசை. ராகேல் மூக்கை உறிஞ்சினாள்.

“வாத்தியாரே, இது என்ன தெரியுதா?”

“திராட்சை விதைச் சிகிச்சை. தோலுக்கு ரொம்ப நல்லது. அட்டையில போட்டிருக்கு.”

“சக்கை. பிழிஞ்சு போட்ட சக்கை. இதைத்தான் வண்டி வண்டியா பன்னிக்குக் கொட்டுவோம்.”

“மெதுவாப் பேசு.”

“பன்னிங்களுக்குத் தோல் நல்லாத்தான் இருந்துச்சு, நான் குறை சொல்லல.”

தேய்த்துக்கொண்டிருந்த பெண் பாதியில் நிறுத்தினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “திரும்பிப் படுங்க ஆன்ட்டி,” என்றாள். எழுநூறு ரேண்ட் சிகிச்சை அது. பன்றிகளுக்கு இலவசமாகக் கிடைத்தது.

மாலையில் ருசி பார்க்கும் கூடம். சிவப்புத் துணி விரித்த மேஜையில் ஆறு கோப்பைகள், நடுவில் ஒரு வெள்ளிக் குடுவை. ப்ரிட்டோரியாவிலிருந்து வந்த பல் டாக்டரும் அவர் மனைவி எல்ஸாவும் எதிரில் இருந்தார்கள். ராகேல் ரூயிபோஸ் தேநீர் கேட்டாள். அவள் குடிப்பதில்லை. அவள் அப்பாவுக்கு இதே பண்ணையில் ஒரு நாளைக்கு ஐந்து தகர டம்ளர் ஒயின், கூலியில் ஒரு பங்காக. நாற்பத்தெட்டு வயதில் ஐந்தாவது டம்ளரோடு போனவர். இங்கே கிதியோன் வாயில் ஊற்றி, கன்னத்தைப் பன்னிரண்டு முறை உப்பி, வெள்ளிக் குடுவையில் கண்ணியமாகத் துப்பினார். அப்பா பார்த்திருந்தால் அந்தக் குடுவையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார் என்று ராகேல் நினைத்தாள்.

“இது,” என்றார் கிதியோன், கோப்பையை விளக்கில் பிடித்து, “அணைக்கட்டுப் பக்கத்துச் சரிவு. அங்க காலையில மூடுபனி லேசுல விலகாது. மலை நிழல் வேற. மத்த இடத்தைவிடப் பத்து நாள் பிந்தித்தான் பழுக்கும். அதான் இந்தப் புளிப்பு, கத்தி மாதிரி நிக்குது.”

ஊற்றிக்கொண்டிருந்த பெண் வாயைப் பிளந்தாள். “கரெக்ட் சார்! அணைக்கட்டுப் பாத்திதான்.”

“அடேங்கப்பா,” என்றார் பல் டாக்டர். “எங்க கத்துக்கிட்டீங்க?”

“எல்லாம் அனுபவம்தான்,” என்றார் கிதியோன்.

ராகேல் தேநீரைக் கீழே வைத்தாள். அந்தப் பத்து நாள் வாக்கியம் அவளுடையது. ஒரு சொல் மாறவில்லை. ஜூலை மாதக் குளிரில், உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, கணக்கு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த புருஷனின் முதுகைப் பார்த்து அவள் சொன்னது. ‘அணைக்கட்டுப் பாத்தி சோம்பேறி. பத்து நாள் பிந்தித்தான் பழுக்கும்.’ அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காதில் விழவே இல்லை என்று அவள் நினைத்திருந்தாள். விழுந்திருக்கிறது. முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்து, இஸ்திரி போட்டு, இன்று தன் சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். திருட்டுப் போன கோபம் வந்தது. கூடவே, இந்த ஆள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்ற ஒரு வெதுவெதுப்பும் வந்து தொலைந்தது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல், அறைக்குப் போனதும் இறைச்சி உருண்டைப் பெட்டியைத் திறந்தாள். இரவு பரிமாறிய ஐந்து வகை விருந்தில் எதுவும் ஒரு வாய்க்கு மேல் வரவில்லை. வெள்ளைக் குளியலங்கியில் உட்கார்ந்து இருவரும் எட்டு உருண்டைகளைத் தின்று முடித்தார்கள். கிதியோன் மட்டும் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துவிட்டுத் தின்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ‘கொடியோடு ஒரு காலை’. விருந்தினருக்கு ஏப்ரன், கையுறை, புதுக் கவாத்துக் கத்தரி, முடித்ததும் சான்றிதழ். ஆகஸ்ட் கடைசி, அந்த ஊரில் குளிர்காலம் முடியும் நேரம். மலை உச்சியில் பனி இன்னும் திட்டுத்திட்டாகக் கிடந்தது. கூட்டிக்கொண்டு போனவன் ரீகர்ட், பண்ணையின் திராட்சைப் பட்டதாரி, முப்பது வயதுகூட இருக்காது. வண்டி அணைக்கட்டைச் சுற்றித் திரும்பியபோதே ராகேல் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அதே பாத்தி. அவள் முதன்முதலாக லாரியிலிருந்து குதித்த வருஷம் நட்ட கொடிகள். பென்சில் கனத்தில் இருந்தவை இப்போது தொடை கனம். இரண்டு கைகளையும் கம்பியில் நீட்டி, அந்தக் காலத்தில் போலீஸ்காரர் சோதனை போடும்போது ஆட்கள் நிற்பதுபோல வரிசையாக நின்றன.

“பயப்படாம வெட்டுங்க,” என்றான் ரீகர்ட். “விருந்தாளிகளுக்குன்னே விட்டு வெச்ச வரிசை இது. தப்பாப் போனா நம்ம ஆளுங்க பின்னாடி வந்து சரி பண்ணுவாங்க. சரி பண்ண முடியாததை அடுத்த வருஷம் பிடுங்கிடுவோம்.”

எல்ஸா ஒரு கிளையை நறுக்கிவிட்டு, வெட்டிய முனையில் நீர் துளிர்ப்பதைப் பார்த்துப் பதறினாள். “ஐயோ, அழுவுது!”

“அது அழல,” என்றாள் ராகேல். “தூங்கி முழிச்சிருக்கு.”

கிதியோன் தன் கொடியின் முன் நின்று, ‘மனிதனும் ஒழுங்கும்’ பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். பிறகு வேலையில் இறங்கினார். பள்ளிப் பிள்ளைகளின் தலைமயிர் விஷயத்தில் அவருக்கு இருந்த கொள்கைதான் இங்கேயும். ஒட்ட, சுத்தமாக, ஒன்று விடாமல். போன வருஷக் கிளைகளை எல்லாம் அடியோடு வழித்தார். ஒரு கண்ணைக்கூட விடவில்லை. கண் இல்லாத இடத்தில் துளிர் ஏது, துளிர் இல்லாமல் பழம் ஏது. கொடியின் வலது கை மொட்டையாக, முனிசிபாலிட்டிக் குழாய்போல ஆயிற்று. இரண்டடி பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “இந்த இடது கை கொஞ்சம் கோணலா இருக்கு இல்ல?” என்று சொல்லி, நீளக் கைப்பிடி வைத்த பெரிய வெட்டுக்கத்தரியை எடுத்தார்.

“அதைத் தொடாதீங்க.”

அந்தக் குரல் வீட்டில் கேட்ட குரல் இல்லை. கிதியோனின் கை அப்படியே நின்றது.

“அந்தக் கோணல் காத்துக்காக வெச்சது. இங்க தென்கிழக்குக் காத்து அடிச்சா நேரா இருக்கிற கை முறிஞ்சுடும். தள்ளுங்க.”

கையுறையைக் கழற்றி ஏப்ரன் பைக்குள் திணித்தாள். தன் கவாத்துக் கத்தரியை எடுத்து விரல்களுக்குள் ஒருமுறை உருட்டினாள். பிறகு நடந்ததை விளக்க முடியாது. மேல் கிளை போயிற்று. கீழ்க் கிளையில் இரண்டு கண் நின்றது. வெட்டு கண்ணுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது, துளி கண்மேல் வழியாதபடி. அடுத்தது. அடுத்தது. அவள் பார்த்து வெட்டியதுபோலவே தெரியவில்லை. வலது கை வெட்டும்போதே இடது கை அடுத்த கிளையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. இரண்டு நிமிஷத்தில் கொடி முடிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனசில்லை. அடுத்த கொடிக்கு நகர்ந்தாள், அதற்கடுத்ததற்கு நகர்ந்தாள். முழங்கால் வலித்தது, அறுபத்தொரு வயது. கைகளுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கவாத்துச் சத்தம் வரிசையில் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் நாலு பேர், பாதிரியார் பின்னால் போகும் பாடகர் குழுபோல வரிசையாக நடந்தார்கள்.

ரீகர்ட் ஒரு வெட்டைக் குனிந்து பார்த்தான். இன்னொன்றைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

“ஆன்ட்டி, நான் நாலு வருஷம் படிச்சேன். இப்படி வெட்ட எனக்கு வராது. இதை எங்க கத்துக்கிட்டீங்க?”

ராகேலுக்குப் பதில் தெரியும். அவள் சொல்லலாம். நேற்றே சொல்லியிருக்கலாம், நாற்பது வருஷமாகவும் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவள் வாயிலிருந்து வந்தால் வெறும் தகவல். கத்தரியைத் தாழ்த்திக்கொண்டு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

எல்ஸா முந்திக்கொண்டாள். “சார்தான் சொல்லிக் குடுத்திருப்பார். இல்லையா சார்? நேத்தே பார்த்தோமே!”

வழி அகலமாகத் திறந்து கிடந்தது. ஒரு புன்னகை, ஒரு தலையசைப்பு போதும். கிதியோன் வாயைத் திறந்தார். அந்த வாய் திறந்து, வார்த்தை இல்லாமல் நின்று ராகேல் பார்த்ததே இல்லை. அவர் தன் மொட்டைக் கொடி இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். மணி அடித்த பிறகு காலைக் கூட்டத்தில் செருமுவது போலத்தான் ஆரம்பித்தது, ஆனால் பாதியில் தேய்ந்துபோனது.

“இல்லம்மா. நேத்து நான் பேசினதே அவ சொன்னது. இருபத்திரண்டு குளிர்காலம் இதே பாத்தி. நான் காலேஜ் போனது, எனக்கு முதல் கழுத்துப்பட்டை வாங்கினது, எல்லாம்...” கையை நீட்டி, அவள் கையிலிருந்ததைக் காட்டினார். “எல்லாம் அந்தக் கத்தரி.”

அணைக்கட்டில் ஒரு வாத்து கத்தியது.

“இது இல்ல,” என்றாள் ராகேல். கத்தரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது மொக்கை. அது நல்ல கத்தரி.”

பல் டாக்டர்தான் முதலில் சிரித்தார். கிதியோன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குளிர் என்று சொன்னார்.

வரிசையில் இன்னும் ஆறு கொடிகள் இருந்தன. மற்றவர்கள் சூடான சூப்புக்கு வண்டிப் பக்கம் போனார்கள். ராகேல் ஆறையும் முடித்தாள். கிதியோன் கூடவே வந்து, விழுந்த குச்சிகளைப் பொறுக்கி ஓரத்தில் அடுக்கினார், கேட்காமலே. கடைசிக் கம்பத்தில் வந்து நின்றதும் அவள் குச்சிக் குவியலிலிருந்து நீளமான ஒன்றை உருவி, வளைத்து, முனையை இரண்டு முறை உள்ளே கோத்து ஒரு வளையமாக்கினாள். அதைக் கம்பத்தின் ஆணியில் மாட்டினாள்.

“என்ன இது?”

“என் வரிசைன்னு அடையாளம். மேஸ்திரி சாயங்காலம் வந்து பார்ப்பான். ஒவ்வொருத்திக்கும் ஒரு முடிச்சு. ரெண்டு தடவை கோத்தா ராகேல்.”

கிதியோன் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர், இதைப் பார்த்ததில்லை. பிறகு கால்சட்டை முழங்காலை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்து, தானும் ஒரு குச்சியை எடுத்து வளைத்தார். முறிந்தது. இன்னொன்றை எடுத்தார்.

“அது காஞ்சது வாத்தியாரே. பச்சையா எடுங்க.”

ஏப்ரனும் கழுத்துப்பட்டையுமாக அவர் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார். கம்பத்தில் வளையம் மெல்லத் திரும்பியது. அதற்குப் பக்கத்துக் கொடியில், அவள் கடைசியாக வெட்டிய இடத்தில், ஒரு துளி திரண்டு, பெரிதாகி, விழாமல் தொங்கியது. அதற்குள் மலையும் பனியும் தலைகீழாக இருந்தன.