ஆறு முறை விடைபெற்றவள்

முதல் நாள் விடைபெற்றபோது இருவருமே அழுதார்கள். உலகின் தென்கோடி நகரமான புந்தா அரேனாஸின் மருத்துவமனையில் அப்பாவுக்குப் பத்து நாள் கெடு சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அண்டார்டிகா போய், ஆட்களை மலையேற்றி இறக்கித் திரும்ப யஸ்னாவுக்கு மூன்று வாரம் ஆகும். இதைக் கூட்டிப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் பட்டப்படிப்பு தேவைப்படவில்லை.

போகாமல் இருந்துவிடத்தான் நினைத்தாள். அப்பா விடவில்லை.

"முப்பது வருஷம் ஆட்டுத்தொட்டியில செத்த ஆட்டைத் தோள்ல சுமந்தேன். உன்னை அங்க அனுப்பவா படிக்க வெச்சேன்? வழிகாட்டி வேலைக்கு ரெண்டு வருஷம் அலைஞ்சிருக்க. என்னைச் சாக்கு சொல்லி நின்னேன்னா, செத்தும் மன்னிக்க மாட்டேன்."

மூட்டைகள் எடை போடப்பட்டு முந்தின நாளே விமானத்தில் ஏறிவிட்டன. கனத்த பனிக் காலணியை மட்டும் காலில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அதை மாட்டி, அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டு, திரும்பிப் பார்க்காமல் குழு தங்கியிருந்த ஓட்டலுக்குப் போனாள். அங்கே குழுத் தலைவர் சொன்னார்: அண்டார்டிகாவின் பனி ஓடுதளத்தில் மேகம். இருபத்து நாலு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம்.

தக் தக்கென்று திரும்பி வந்து நின்றாள்.

"என்னடி, அதுக்குள்ள ஏறி இறங்கிட்டியா?" என்றார் அப்பா.

இரண்டாம் நாளும் அழுதார்கள், கொஞ்சம் குறைவாக. மூன்றாம் நாள் அவர், "போ, போ, மத்தியானம் பாக்கலாம்" என்றார். நான்காம் நாள் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே கையசைத்தார். ஐந்தும் ஆறும் அப்படியே போயின.

ஆறு நாள் ஆகும் என்று முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் பக்கத்திலேயே படுத்துக் கிடந்திருப்பாள். அப்படி யாரும் சொல்வதில்லை. இருபத்து நாலு மணி நேரம், மறுபடி இருபத்து நாலு மணி நேரம். தொலைபேசியில் ஒரு காதை வைத்துக்கொண்டே அப்பா பேசியதையெல்லாம் பாதிதான் கேட்டாள்.

ஓட்டலில், தலைநகர் சாந்தியாகோவிலிருந்து மலையேற வந்த பணக்காரர் ஒருவர் தினமும் கத்தினார்.

"எத்தனை நாள் வீணாப் போச்சு! இதுக்கு யார் பொறுப்பு?"

"மேகத்தைக் கூப்பிட்டு விசாரிங்க சார்" என்றாள் யஸ்னா.

ஏழாம் நாள் காலை, காற்று தகரக் கூரையைப் பிடுங்கி எறியப் பார்த்தது. நகரத்தின் தெருமுனைகளில் ஜனங்கள் பிடித்து நடக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். இந்தக் காற்றில் எந்த விமானம் போகும்? இங்கே அடிக்கும் காற்று பெரிதில்லை, அங்கே இருக்கும் வானம்தான் கணக்கு என்பது அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். யஸ்னாவுக்கும் தெரியும். ஆறு நாள் ஏமாந்த புத்தி அதை மறந்துவிட்டது.

அப்பா இரவெல்லாம் இருமி, அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார்.

"எழுப்பட்டுமா?" என்றாள், அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நோல்ஃபா அத்தை.

"வேணாம் அத்தை. இப்ப வந்துடப் போறேன்."

நெற்றியைக்கூடத் தொடவில்லை. தொட்டால் விழித்துவிடுவார் என்று நினைத்தாள்.

ஓட்டல் வாசலில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. "அங்க வெயில் காயுது! ஏறு, ஏறு!" என்று தலைவர் அவளை உள்ளே தள்ளாத குறை. சாந்தியாகோக்காரர் கைதட்டினார்.

பஸ் நகர்ந்ததும் வீட்டுக்கு அழைத்தாள். அப்பா விழித்திருந்தார். அத்தை தொலைபேசியை அவர் காதில் வைத்தாள்.

"இன்னிக்கும் இல்லையாக்கும்?" குரலில் சிரிப்பு இருந்தது. "காத்துச் சத்தம் கேட்டப்பவே நெனச்சேன். அத்தை ஆட்டுக்கறிச் சூப்பு வெக்கிறா. ஆறிப் போறதுக்குள்ள வந்துடு."

யஸ்னா தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்பா..."

"சொல்லு."

"எலும்பையெல்லாம் நீயே தின்னுடாத. எனக்கும் வை."

"பல்லே இல்ல, எலும்பாம்! வா, வா."

அத்தை திரும்ப வாங்கினாள். "எத்தனை மணிக்கு வர்ற? அடுப்பை அணைக்கணும்."

"அத்தை, நான் பஸ்ல இருக்கேன். விமானத்துக்குப் போற பஸ்."

அத்தை, பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"ரெண்டு மணிக்கா? சரி, சரி. மூடி வெக்கிறேன்."