பதினோராவது ஸ்டிக்கர்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததில்லை. நோட்டையும் பேனாவையும் கையில் திணித்து எழுது என்றார்கள், எழுதுகிறேன்.

திணித்தவளுக்கு நான் வைத்த பேர் அட்டவணையம்மா. வயதானவர்கள் இருக்கும் இந்த இல்லத்தில் எங்களை எப்படிச் சும்மா இருக்கவிடாமல் வைப்பது என்று யோசிப்பதுதான் அவள் உத்தியோகம். எந்தக் கிழமை என்ன விளையாட்டு, யார் பக்கத்தில் யார் என்று தாழ்வாரச் சுவரில் அட்டவணை போட்டு மாட்டுவாள். போன மாதம் அதில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. கதை எழுதும் நேரம்.

“எதுக்கும்மா இது?” என்றேன்.

“மனசுக்கு நல்லது ஐயா.”

“யாரு மனசுக்கு?”

“உங்க மனசுக்குத்தான். என் மனசு எப்பவோ கிளம்பிப் போயிடுச்சு.”

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் போகவில்லை. எழுதி வாங்குகிறவன் எவனும் சும்மா வாங்குவதில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லித்தராமலே தெரிந்துகொண்டேன். இவர்களுக்குப் புத்தி இருக்கிறதா, கழன்றுவிட்டதா என்று பார்க்கத்தான் நோட்டு என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்று நாலு மணிக்கு முன்னால் நோட்டை வாங்க வருவாள். இப்போது மணி இரண்டேகால்.

2

ஆரம்பம் மூன்று தடவை கெட்டுப்போனது. கிழித்தால் தாள் வீண். அதனால் அப்படியே விடுகிறேன்.

மாலைச் சூரியன் மெல்ல மெல்ல ஜன்னல் வழியாக

[எங்கள் அறைக்குச் சூரியன் வருவதே இல்லை. எதிர்க் கட்டிடம் மறைத்துக்கொண்டு நிற்கிறது. பொய்.]

ஒரு அறையில் இரண்டு கிழவர்கள் இருந்தார்கள். ஒருவர் பேசமாட்டார். இன்னொருவர் நல்ல

[நல்ல என்று கை தானாகப் போட்டது. அங்கேயே நிறுத்தினேன்.]

நான் ஒரு தப்பு செய்தேன். ஆனால்

[“நான்” வந்ததும் பின்னாலேயே “ஆனால்” வந்துவிட்டது பாருங்கள். என் வழக்குக்கு நானே வக்கீல் ஆகிவிடுவேன்.]

ஆகவே “நான்” வேண்டாம். முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவன் நான். கதைக்குள் அவன் பேர் கிரேன்காரர். அவர் செய்ததை வெளியே நின்று பார்த்துச் சொல்கிறேன். அவருக்கு நான் பரிந்து பேசினால் அந்த இடத்தில் என்னை நம்பாதீர்கள்.

3

கிரேன்காரர் சிடுமூஞ்சி. ஒரு டீயைக் கொடுத்தாலும் இதில் என்ன உள்நோக்கம் என்று முகர்ந்து பார்க்கிற ஆள். அவரோடு ஒரே அறையில் மூன்று வருஷம் சண்டையில்லாமல் இருந்தவர் ஒருவர்தான். அவர் டெய்லர். வந்த புதிதில் கிரேன்காரரின் தொளதொள பேன்ட்டைக் கேட்காமலே எடுத்துப்போய் இடுப்பில் இரண்டு இஞ்ச்* பிடித்துத் தைத்து, மடித்து, தலையணை மேல் வைத்தார். நன்றி சொல்லக்கூட இடம் வைக்கவில்லை. அந்தக் குணம் கிரேன்காரருக்குப் பிடித்துப்போனது.

*ஒன்றரை இஞ்ச்தானாம். ஏன் திருத்துகிறேன் என்பது பின்னால் வரும்.

ஏழு மாதத்துக்கு முன்னால் டெய்லருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும். அதற்கும் இழுத்துப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க ஆளில்லாததால் பேசுவதையே விட்டுவிட்டார். சக்கர நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இல்லத்தில் ஒரு விதி உண்டு. கூட்டமாகச் செய்கிற எதிலாவது மூன்று மாதத்தில் இருபது தடவையாவது சேர வேண்டும். சேர்ந்ததற்கு அடையாளமாக அட்டவணையில் அவரவர் பேருக்கு நேரே ஒரு பச்சை வட்ட ஸ்டிக்கர். அதை அவரவரே உரித்து ஒட்ட வேண்டும், விரலுக்கு அதுவும் ஒரு வேலையாம். இருபது தேறாதவர்களை மாடிக்கு மாற்றிவிடுவார்கள். மாடியில் கவனிக்க ஆள் அதிகம் என்பார்கள். இருக்கலாம். மேலே போனவர் கீழே வந்து கிரேன்காரர் பார்த்ததில்லை.

முதல் ஆறு வாரத்தில் டெய்லர் பேருக்கு நேரே ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. அன்று மாலை நான்

[அடித்துவிட்டேன்.]

அன்று மாலை கிரேன்காரர் தன் பேருக்கு ஒன்று ஒட்டினார். இப்படியும் அப்படியும் பார்த்தார். டெய்லர் பேருக்கும் ஒன்று ஒட்டினார்.

நட்பு என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். டெய்லர் போனால் அந்தக் கட்டிலுக்குப் பாட்டுக்காரர் வருவார் என்று அவருக்குத் தெரியும். பல் தேய்க்கும்போதுகூடப் பாடுகிற மனிதர். இரண்டு காரணமும் உண்டு. எது எத்தனை பங்கு என்று அவரே அறியார்.

4

இந்த இடத்தில் அட்டவணையம்மாவைக் கெட்டவளாக எழுதியிருந்தேன். ஒரு முழுப் பக்கம். “மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்கிறவள்” என்று ஒரு வரிகூட வந்தது, எனக்கே அது பிடித்திருந்தது. அடித்துவிட்டேன். அந்தப் பாத்திரம் நிற்கவில்லை, சரிந்து சரிந்து விழுந்தது.

ஏன் என்றால் பலூன் விளையாட்டு. வட்டமாக நாற்காலி போட்டு, உட்கார்ந்தபடியே ஒரு பலூனைக் கீழே விழாமல் தட்டிக்கொண்டிருப்பது. “கழுதைக்கு வயசானா குட்டியாயிடுமா?” என்று கிரேன்காரர் முதல் நாள் கேட்டார். பிறகு ஒருநாள் அவள் மேஜையில் விட்டுப்போன நோட்டைப் புரட்டினார் (சந்தேகப் புத்தி சும்மா இருக்காது). உள்ளே வட்டம் வட்டமாகப் படம், பக்கத்தில் அவள் குறிப்பு. பந்து என்றால் கண் மங்கினவர்கள் பயப்படுகிறார்கள், ஆகவே பலூன், அதுவும் மஞ்சள். காது மந்தமானவர்கள் எனக்கு நேரே. கைப்பிடி வைத்த நாற்காலி மட்டும். ஒருவருக்கு எந்தக் கை நல்ல கையோ அந்தப் பக்கத்திலிருந்துதான் பலூன் வர வேண்டும். இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், ஆசை மிச்சமிருக்கும்போதே நிறுத்து.

ஒரு வட்டத்தில் இடது பக்கம் காலி நாற்காலி ஒன்று. அடியில் எழுதியிருந்தாள்: டெய்லர் ஐயா வந்தால்.

வாரத்தில் ஆறு நாள் பலூன். திங்களும் வியாழனும்தான் அவள் இருப்பாள். மற்ற நாலு நாளும் எங்களோடு இங்கேயே இருக்கிற பழைய கணக்கு டீச்சர் பொறுப்பு. ஆகவே நாலு நாளும் டெய்லருக்கு ஸ்டிக்கர் விழும். திங்களும் வியாழனும் டெய்லருக்குத் தலைவலி என்று கிரேன்காரர் சொல்லிவிடுவார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் அவரைத் தாழ்வாரத்தில் நிறுத்தினாள்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். டெய்லர் ஐயா நான் இல்லாத நாள்ல எல்லாம் வர்றாரு. நான் வர்ற அன்னைக்கு மட்டும் தலைவலி. என்னைப் பிடிக்கலையோ?”

கிரேன்காரர் சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்தார்.

“விசில் ஊதுறேன்ல, அதுதான் ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன்” என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அடுத்த தடவையிலிருந்து விசில் இல்லை. கை தட்டித்தான் ஆரம்பிக்கிறாள்.

இவளைக் கெட்டவளாக எப்படி எழுதுவது, சொல்லுங்கள்.

5

இனி வருவதை எழுதாமல் தப்பிக்க இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்தேன்.

டெய்லரின் கைக்குப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு தடவை ஒரு பெண் வருவாள். விரல் ஒவ்வொன்றையும் பிரித்து, நீட்டி, எண்ணெய் போட்டு இழுத்துவிடுவாள். விசில் பேச்சு வந்த அதே வாரம் அலுவலகத்தில் அட்டவணையைப் பார்த்தார்கள். டெய்லர் பேருக்கு நேரே வரிசையாகப் பச்சை. “வாரத்துக்கு நாலு நாள் பலூன் தட்டுறவருக்குத் தனியா எதுக்குப் பயிற்சி? வேற யாருக்காவது ஆகட்டும்” என்று அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள்.

விரல்கள் மடங்க ஆரம்பித்தன. முதல் வாரம் சுண்டுவிரல். இப்போது கட்டைவிரல் உள்ளே போய் மற்ற நாலும் அதன்மேல் மூடிக்கொண்டன. நகம் உள்ளங்கையில் பதிந்து காலையில் சிவப்பாகத் தெரிகிறது. கிரேன்காரர் தானே பிரித்துப் பார்த்தார். தெரியாத கை பட்டால் வலிக்குமே தவிர வேறென்ன? டெய்லர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

ஆக, சொன்னால் ஆள் மாடிக்குப் போவார். சொல்லாவிட்டால் கை போகும். இன்று மாலை பலூன் முடிந்ததும் மூன்று மாத அட்டவணையைக் கழற்றி அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அதன்பிறகு அதில் இருப்பதுதான் உண்மை.

6

டீச்சரை விட்டுவிட்டேன். அந்த அம்மாளை விடவும் முடியாது.

நேற்று பலூன் முடிந்து எல்லோரும் ஸ்டிக்கர் ஒட்டிப் போன பிறகு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“என்ன கிரேன்காரரே, உக்காந்தது பத்துப் பேரு. ஒட்டினது பதினொண்ணு. தினமும் ஒண்ணு கூடுதே?”

“உங்களுக்குக் கண்ணு சரியில்ல டீச்சர்.”

“கண்ணுதான் சரியில்ல. கணக்கு சரியாத்தான் இருக்கு.”

“சொல்லிடப் போறீங்களா?”

“பரீட்சையில பாத்து எழுதினவனை நான் ஒருநாளும் காட்டிக் குடுத்ததில்ல. எழுந்து நில்லுன்னு மட்டும் சொல்லுவேன். அவனே சொல்லுவான்.”

“சொல்லலைன்னா?”

“நின்னுகிட்டே இருப்பான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நேற்றிலிருந்து கிரேன்காரர் உட்காரவில்லை. கட்டிலுக்கும் கதவுக்கும், கதவுக்கும் கட்டிலுக்கும்.

7

கதைக்கு முடிவு வேண்டும். மணி மூன்று ஆகப்போகிறது. கையிலிருப்பதைப் பரப்பி வைக்கிறேன்.

முடிவு ஒன்று. டெய்லரை வட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மஞ்சள் பலூன் மிதந்து வருகிறது. மூடிய கை மெல்லத் திறந்து ஒரு தட்டு. எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

[பாட்டுக்காரருக்கு இது பிடிக்கும். துருவேறிய கப்பி முன்னால் நின்று பாட்டுப் பாடினால் அது சுற்றிவிடுமா? வேண்டாம்.]

முடிவு இரண்டு. கிரேன்காரர் வாயைத் திறக்கவில்லை. பச்சை ஸ்டிக்கர் வரிசையாகப் போகிறது. டெய்லர் இதே அறையில், இதே சுவரைப் பார்த்து, மூடிய

[முடிக்க முடியவில்லை.]

முடிவு மூன்று. கிரேன்காரர் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறார். மறுநாள் காலை சக்கரக் கட்டில் வருகிறது. லிஃப்ட் கதவு மூடுகிறது. மதியம் பாட்டுக்காரர் தலையணையோடு வந்து சேருகிறார்.

மூன்றையும் திரும்பப் படித்தேன். ஒன்று கண்ணில் பட்டது. மூன்றிலும் கிரேன்காரர் அங்கேயும் இங்கேயும் ஓடுகிறார். மூன்றிலும் டெய்லர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதுகிறவன் நான்தான். பேசவிடாதவனும் நான்தான்.

கிரேன் வேலையில் ஒரு சட்டம். மேலே கூண்டில் இருப்பவனுக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. சுமைக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு ஆள்தான் கை காட்டுவான். அவன் காட்டாமல் கொக்கி அசையக்கூடாது. காட்டியது புரியவில்லை என்றால் லிவரிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாளும் நான் இதை மீறியதில்லை. இங்கே வந்து, இரண்டடி தள்ளியிருக்கிற கட்டிலில், எவனும் கை காட்டாமல் இருபத்திரண்டு தடவை தூக்கியிருக்கிறேன்.

8

இதற்குமேல் “கிரேன்காரர்” வேண்டாம்.

நாற்காலியைச் சுவரிலிருந்து என் பக்கம் திருப்பினேன். இதுவரை எழுதியதை ஒன்றுவிடாமல் டெய்லருக்கு வாசித்தேன். பாட்டுக்காரர் பல் தேய்க்கிற இடத்தில் அவர் வாயோரம் கொஞ்சம் கோணியது. சிரிப்புத்தான். பேன்ட் வந்தபோது இடது கையைத் தூக்கி நிறுத்தினார். நான் காத்திருந்தேன். எத்தனை நேரம் என்று பார்க்கவில்லை.

“ரெண்டு… இல்ல. ஒண்ணரை.”

“சரிய்யா, ஒண்ணரை. திருத்திடறேன்.”

முடித்துவிட்டுக் கேட்டேன். “யோவ் டெய்லர். சொன்னா மேல அனுப்பிடுவாங்க. சொல்லலைன்னா உன் கை இப்படியே போயிடும். உனக்கு எது வேணும்? மேல போறியா, இங்க இருக்கியா?”

அவர் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வார்த்தை தொண்டையில் ஏறுவது வெளியே தெரிந்தது.

“நீ… கேட்டதே… இப்பதான்.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். ஒரு ஆளை ஜன்மத்துக்கும் நிற்கவைக்க மூன்று வார்த்தை போதும் போலிருக்கிறது.

“அதான் கேட்டுட்டேன்ல. சொல்லு” என்றேன்.

“யோசிக்க… விடு.”

விட்டிருக்கிறேன்.

9

மணி மூன்றரை. கூடத்தில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கிறது.

இதை முடித்து, பேனாவை மூடி, நோட்டை டெய்லர் மடியில் வைக்கப்போகிறேன், இடது கைக்கு எட்டுகிற மாதிரி. அட்டவணையம்மா வந்து கேட்கும்போது அவர் அதை நீட்டலாம். மடியிலிருக்கும் துண்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். தள்ளினால் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். எடுக்கவும் மாட்டேன். லிவரிலிருந்து கையை எடுத்தாயிற்று.

ஆகவே படிக்கிறவரே, இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் ஒன்று நிச்சயம். டெய்லர் கையை நீட்டியிருக்கிறார்.

அதற்கப்புறம் என்ன என்று எனக்குத் தெரியாது. படிக்கிறது வேறு யாராவது என்றால் பரவாயில்லை, உங்களுக்குத் தோன்றிய மாதிரி முடித்துக்கொள்ளுங்கள். படிக்கிறது நீங்கள்தான் என்றால், அம்மா, அவருக்கு உங்கள் விசில்மேல் கோபமில்லை. அந்தத் தலைவலி என்னுடையது. உங்கள் நோட்டில் காலியாக விட்ட அந்த நாற்காலியை நான் பார்த்தேன். அட்டவணை இன்னும் சுவரில்தான் தொங்கும், பலூன் முடிகிறவரைக்கும் நேரமிருக்கிறது. டெய்லர் பேருக்கு நேரே இருக்கிற இருபத்திரண்டையும் நான் வந்து உரிக்கிறேன். உரித்த இடத்தில் என்ன எழுதுவது என்று மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

எழுதுவதற்கு முன்னால் அவரை ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வர நேரமாகும். நின்று கேளுங்கள்.