டூலன் துரையின் பிடிமண்

1974 பங்குனியில் போடிநாயக்கனூரில் வெள்ளைத்துரையின் வீட்டின் மேல் மட்டும் மழை பிடித்தது; பத்து வருஷம் விடவில்லை. அடித்துப் பெய்து ஓய்கிற நம்ம பக்கத்து மழை அல்ல அது. ஊசி ஊசியாக, எலும்பு வரை குளிர்ந்து, இரவும் பகலும் தூறியது. பக்கத்து வீட்டு மாடியில் வற்றல் மிளகாய் நொறுங்கக் காய்ந்தது. இவர் வீட்டு ஓட்டில் பாசி படர்ந்தது. பார்க்க வந்த அதிகாரி ஒருவர் வீட்டை நஞ்சை என்று எழுதிக்கொண்டு போனார். குறி சொல்லும் கோடாங்கி காசிமாயன் மட்டும்தான் விவரம் சொன்னான்: “அப்பு, இது ஒங்க குலசாமி. எல்லை தெரியாம ஒங்க கூரை மேல வந்து நிக்குது. பூர்வீகத்துல பிடிமண் எடுத்தாந்து நட்டாத்தான் அடங்கும்.”

பூர்வீகம்தான் சிக்கல். வெள்ளைத்துரையின் பாட்டனாருக்கு அப்பன், குரங்கணிக்கு மேலே காப்பித் தோட்டம் போட்டு, மொக்கம்மாளைக் கட்டி, காய்ச்சலில் செத்த மைக்கேல் டூலன் துரை. தோட்டத்து மாதா கோயிலின் அடக்கப் பதிவில் துரையின் அப்பன் பெயர் தாமஸ், ஊர் அயர்லாந்து என்று மட்டும் இருந்தது. அதை வைத்து எந்த மண்ணை அள்ளுவது? இதற்கிடையில் மகள் பொன்னுமணியைப் பொட்டிபுரத்து ஜீப் டிரைவர் சுருளிக்குப் பேசினார்கள். சுருளியின் அப்பா வேலுச்சாமி கையை விரித்தார். “கொலசாமி இல்லாத வீட்டுல பொண்ணெடுத்தா, நாளைக்குப் பேரனுக்கு மொட்டை எங்க போயிப் போடுறது?”

வெள்ளைத்துரை அயர்லாந்துக் கோயில்களுக்கெல்லாம் எழுதிப்போட்டார். ஏழு பங்குச் சாமியார்கள் டூலன் எங்கள் ஊர்தான் என்று சத்தியம் செய்தார்கள். ஆறு பேர் கோயில் கூரைக்கு நன்கொடையும் கேட்டார்கள். சுருளி வேறு பெண் பார்க்க மறுத்து வழுக்கை விழும் வரை காத்திருந்தான். “சாமியக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள நானே சாமியாயிருவேன். வெரசாப் பாருங்கப்பா,” என்றாள் பொன்னுமணி.

எட்டாவது ஆளான கில்மோரன் ஊர்ப் பங்குச் சாமியாருக்கு வேறு சோலி இல்லை போலும். ஞானஸ்நானப் பதிவில் தாமஸ் மகன் மைக்கேலைக் கண்டுபிடித்தார். பிள்ளையை ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் ஹேர்லி என்றிருந்தது. பங்கில் முப்பது குக்கிராமம். பழைய நிலவரிக் கணக்கை எடுத்துப் பார்த்தால், டூலன் காடும் ஹேர்லி காடும் ஒரே வரப்பில் கிடந்த ஊர் அக்காதோர் ஒன்றுதான். செய்தி கேட்ட வெள்ளைத்துரையின் மனைவி வேலுத்தாய், “பின்ன? காதுகுத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரனக் கூப்பிடாம யாரக் கூப்பிடுவாக?” என்றாள்.

பிஸ்கட் டப்பாவில், புகை வாசத்தோடு, ஈரமாக மண் வந்தது. கொல்லையில் பீடம் கட்டி அதில் நட்டுக் கிடாய் வெட்டினார்கள். மழை கூரையை விட்டிறங்கி, பீடத்தின் மேல் ஒரு குடை அகலத்துக்குச் சுருங்கி, அங்கேயே தங்கிவிட்டது. 1984 தை மாதம் கல்யாணம் நடந்தது. வேலுச்சாமி பீடத்து மழையில் கைகழுவி, மறுபந்தியிலும் உட்கார்ந்தார்.

சித்திரையில் கில்மோரன் சாமியார் எழுதியிருந்தார்: மண் அள்ளிய குழியின் மேல் மட்டும் ஓயாத வெயில் அடிக்கிறதாம், ஊரே அங்கே துணி காயப்போட வரிசையில் நிற்கிறதாம், ஏதும் பரிகாரம் உண்டா?

“காயப்போடட்டும்,” என்றாள் வேலுத்தாய். “நம்ம வெயிலுதான, கொறஞ்சா போயிரும்? வத்தலும் போடச் சொல்லுங்க.”